கணக்குக் கொப்பி

வெருகலில் புறப்படும்போது
அறுபத்து மூன்று பேர் என்று எழுதினேன்.
ஈச்சிலம்பற்றில் எழுபது.
தோப்பூரில் பெருநாள் மாதிரி, எண்ண முடியவில்லை.
மூதூர் தாண்ட இருபத்தொன்பது.
திரும்பிப் போனவர்களில் எனக்குக் கோபமில்லை.
கடனுக்கு வலை எடுத்தவர்கள்
எத்தனை நாள்தான் றோட்டில் நடப்பார்கள்?

விடிய நாலு மணிக்கு நஸீஹா எழுப்புவாள்.
வெளிச்சம் வருமுன்
பெண்கள் எல்லோரும் கக்கூசுக்குப் போய்வந்துவிட வேண்டும்.
நடைபயணத்தின் முதல் சட்டம் அது.
துண்டுப்பிரசுரத்தில் யாரும் அச்சிடவில்லை.

பிறகு பாண், சம்பல்.
வாளித் தண்ணீரில் அலசிய ஏழு கோப்பைகளில்
முறைவைத்துப் பிளேன்டீ.

பிளாஸ்டிக் போத்தல் வாங்குவதில்லை என்பது
முதல்நாள் தீர்மானம்.
மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு
கச்சான் காற்று முகத்தில் அறைந்தபோது
தீர்மானத்தை எழுதிய குலேந்திரன்தான்
ஒன்று வாங்கி, சேட்டுக்குள் மறைத்துக் குடித்தார்.
எல்லோரும் கண்டோம்.
வெறும் போத்தலைப் புல்மோட்டை வரை சுமப்பதாகத்
தனக்குத்தானே தண்டனை போட்டுக்கொண்டார்.
இப்போது கிணறு கிணறாக அதைத்தான் நிரப்புகிறார்,
அதில்தான் எல்லோரும் குடிக்கிறோம்.

சந்திக்குச் சந்தி பேசுவது அருளப்பு.
முதல் சந்தியில் இருபது நிமிடம்:
கறுப்பு மண், லொறி, கடிதங்கள், கந்தோர் வாசல்.
கிண்ணியாவில் ஐந்து நிமிடம்.
நிலாவெளியில் ஒரே வசனம்:
"எங்கட வாடி நிண்ட இடத்தில இப்ப ஆள் அமிழும்."
அன்றைக்குத்தான் கடைக்காரர்கள்
ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

எங்களுக்குப் பின்னால்
மோட்டார் சைக்கிளில் நடை வேகத்தில் ஒரு பொலிஸ்காரர்.
அவரிடமும் ஒரு கொப்பி.
கிண்ணியாப் பாலத்தில் பக்கத்தில் வந்தார்.
"தங்கச்சி, இண்டைக்கு எத்தினை?"
"இருபத்தொன்பது."
"எனக்கு முப்பது வருகுது."
பாலத்துக் கைப்பிடியில் இரண்டு கொப்பியையும் வைத்துப்
பெயர் பெயராகப் பார்த்தோம்.
கீழே வற்று நீர் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

முப்பதாவது ஆள்
நேற்றிலிருந்து எங்களோடு நடக்கும்,
பருப்பு நல்லாயிருக்கு என்று இரண்டாம் தரம் வாங்கித் தின்ற
தொப்பிக்காரப் பொடியன்.
சப்பாத்து மட்டும் மிகப் புதிது.
"அவர் உங்கட ஆள்தானே?"
பொலிஸ்காரர் கடலைப் பார்த்தார்.
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"அவனுக்குக் காலில கொப்புளம்."

அன்றிரவு நஸீஹா
ஊசியில் நூல் கோர்த்து அவன் கொப்புளத்தில் ஓட்டி
நூலை உள்ளேயே விட்டு வெட்டினாள்.
பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.
குலேந்திரன் தன்னுடைய மற்றச் சோடி
றப்பர் செருப்பை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
நான் கொப்பியில் இருபத்தொன்பதை வெட்டி
முப்பது போட்டேன்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் பின்கதவைத்
திறந்துவிட்டார் சமையல்காரர் சுஜீவ.
முன்பக்கம் வெள்ளைக்காரர்கள் எங்கள் பதாகையைப் படமெடுக்க,
பின்பக்கம் நாங்கள் வரிசையில் நின்று கால் கழுவினோம்.
ஐஸ்கட்டியைப் பழைய துணியில் சுற்றித் தந்தார்.
வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.
"இன்னும் எத்தனை நாள்?"
"மூன்று."
"உப்பு எங்க வச்சனி?"

குச்சவெளி தாண்டினால்
செருப்பு உதறும்போது கறுப்பாய் விழுகிறது.
"கம்பனிக்கு லொறி, எங்களுக்குச் செருப்பு,
ரெண்டும் மண்தான் கொண்டுபோகுது" என்றார் அருளப்பு.
சிரித்தோம். பிறகு எல்லோரும்
அந்த இடத்திலேயே நன்றாகத் தட்டிவிட்டு நடந்தோம்.

இரவில் கணக்கு எனக்குச் சுலபம்.
வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி
இரண்டால் பிரிப்பேன்.
நேற்றும் முப்பது சோடி வந்தது.
உள்ளே படுத்திருந்தது இருபத்தொன்பது பேர்.

ஓரமாக, கழுவி,
சுவரைப் பார்த்தபடி நேராக வைத்த
ஒரு சோடி றப்பர் செருப்பு.

காலையில் பொலிஸ்காரர் எண்ணிக்கை கேட்கவில்லை.
நான் எழுதி வைத்திருக்கிறேன்:
ஆட்கள் இருபத்தொன்பது.
செருப்பு ஒரு சோடி, மிச்சம்.